கணீரென்ற ஒலி மரத்திலா பிறக்கிறது?

ஒலியின் தன்மையைச் சொல்லத் தமிழில் சொற்களுக்குப் பஞ்சமில்லை. கோயில் மணி கணீரென்கிறது. வெண்கலப் பானை ணங்கென்கிறது. நன்றாகப் பாடுகிறவரை வெண்கலக் குரலோன் என்று புகழ்கிறோம். மின் கிதாரின் ஒலி வகைகளுள் ஒன்றுக்கும் இப்படித் தனிப் பெயர் உண்டு. கம்பியைச் சுண்டிய மறுகணமே கூர்மையாகத் தெறித்து, உலோகத்தின் பளபளப்போடு காதில் வந்து விழும் அவ்வொலியை மேலை நாட்டார் ‘ட்வாங்’ என்பர். அமெரிக்கக் ‘கன்ட்ரி’ இசையைக் கேட்டவர்கள் இதனை நன்கறிவர். கேளாதவர்கள் ஜேம்ஸ் பாண்ட் படங்களின் தொடக்க இசையை நினைவுபடுத்திக்கொண்டால் போதும். அங்கே வரும் கிதார் ஒலியும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

இவ்வொலி எங்கே பிறக்கிறது? கிதார் கற்கும் நண்பர்களைக் கேட்டுப் பாருங்கள். ‘மரத்தில்’ என்ற விடையே பெரும்பாலும் வரும். உடலுக்கு ஆஷ் மரம் வேண்டும், கழுத்துக்கு மேப்பிள் வேண்டும், அதுவும் பல்லாண்டுகள் உலர்ந்த மரமாக இருக்க வேண்டும் என்பர். விற்பவர்களும் அதையே சொல்லுகின்றனர். மரத்தின் பெயரைச் சொல்லச் சொல்ல விலையும் ஏறுகிறது. எனக்கோ இந்தப் பெருமை உரியவரை விட்டு அயலாரிடம் போய்ச் சேர்ந்திருப்பதாகத் தோன்றுகிறது. கணீரென்ற ஒலிக்கு முதற் காரணம், கம்பியை எந்த இடத்தில் சுண்டுகிறோம், அதன் அதிர்வை எந்த இடத்தில் கவர்கிறோம் என்பதே. இரண்டாம் காரணம், அதிர்வைக் கவரும் கம்பிச்சுருளும் அதனோடு சேர்ந்த எளிய மின்சுற்றும். மரத்துக்கு இடம் உண்டு. ஆனால் அது கடைசி வரிசையில் இருக்கிறது. நம் கல்லூரி ஆய்வுக்கூடத்துச் சுரமானியைத் தொட்டுப் பார்த்த எவரும் இதனைத் தாமே ஆராய்ந்து முடிவு செய்துகொள்ளலாம்.

வீணைக்குப் பொருந்துவது எல்லாவற்றுக்கும் பொருந்துமா?

மரத்தின் மீதுள்ள நம்பிக்கை வீணான மூடநம்பிக்கை அன்று. அதற்கு நல்ல பூர்விகம் உண்டு. தஞ்சாவூர் வீணைக்குப் பலா மரத்தையே தேடுகின்றனர். ஒரே மரத்தில் குடைந்தெடுக்கும் ஏகாண்ட வீணைக்குத் தனி மதிப்பு. இது முற்றிலும் நியாயமே. வீணையின் கம்பி மிக மெல்லியது. காற்றை அசைக்கும் வலிமை அதற்கு இல்லை. கம்பியின் அதிர்வு குதிரை வழியாகக் குடத்துக்கும் பலகைக்கும் சென்று, அந்த மரம் அதிர்ந்து, அம்மர அதிர்வே காற்றில் பரவி நம் காதை அடைகிறது. நாம் கேட்பது மரத்தின் குரல். ஆகவே மரம் மாறினால் குரல் மாறும். வயலினுக்கும் சாதாரண மரக் கிதாருக்கும் இதே விதிதான்.

கெட்டி உடல் கொண்ட மின் கிதாரில் இந்த வழி அடைபட்டுவிடுகிறது. அதன் உடல் குடையப்பட்ட பெட்டியன்று; கனமான பலகை. அது காற்றில் பரப்பும் ஒலி மிகச் சொற்பம். நாம் கேட்பது ஒலிபெருக்கியின் குரலை. அந்த ஒலிபெருக்கிக்குச் செய்தி அனுப்புவது கம்பிக்கு அடியில் உள்ள ‘பிக்கப்’ என்னும் உறுப்பு. அதில் நிலைக்காந்தமும் அதனைச் சுற்றிப் பல்லாயிரம் சுற்றுகளாகச் சுற்றிய, மயிரிழை போன்ற செம்புக் கம்பியும் உள்ளன. காந்தம் மேலேயுள்ள எஃகுக் கம்பியைக் காந்தமாக்குகிறது. எஃகுக் கம்பி ஆடும்போது சுருளின் வழியே செல்லும் காந்தப் பாயம் மாறுகிறது. பாரடே கண்ட விதிப்படி சுருளில் மின்னழுத்தம் தோன்றுகிறது. எஃகின் ஆட்டமே இங்குக் கணக்கு. மரம் இச்சுருளின் கண்ணுக்கு நேரே தெரிவதில்லை.

இதில் ஒரு நுட்பம் உண்டு. சுருளில் பிறக்கும் மின்னழுத்தம் கம்பி எவ்வளவு தூரம் விலகியது என்பதைப் பொறுத்ததன்று. எவ்வளவு வேகமாக ஆடுகிறது என்பதைப் பொறுத்தது. ஒரே அளவு வீச்சில், இரு மடங்கு அதிர்வெண் உள்ள அதிர்வு இரு மடங்கு மின்னழுத்தத்தைத் தருகிறது. ஆகவே உயர்ந்த அதிர்வெண்களுக்கு இக்கருவியில் இயல்பாகவே ஒரு சலுகை உண்டு. கணீரொலிக்கு வேண்டிய முதல் வித்து இங்கேயே ஊன்றப்பட்டுவிடுகிறது.

இடமே முதற் காரணம்

இழுத்துக் கட்டிய கம்பி ஒரே அதிர்வெண்ணில் மட்டும் அதிர்வதில்லை. அடிப்படை அதிர்வோடு, அதன் 2 மடங்கு, 3 மடங்கு, 4 மடங்கு என்று சீரிசைகளும் சேர்ந்தே பிறக்கின்றன. அடிப்படை ஓங்கியிருந்தால் ஒலி உருண்டு திரண்டு மந்தமாக இருக்கும். உயர் சீரிசைகள் ஓங்கினால் கணீரென்றிருக்கும். எந்தச் சீரிசை ஓங்கும் என்பதைத் தீர்மானிப்பது சுண்டும் இடம். ஒரு சீரிசையின் கணு எங்கே இருக்கிறதோ அங்கே சுண்டினால் அந்தச் சீரிசை பிறக்காது என்பதைத் தாமஸ் யங் 1800-ஆம் ஆண்டிலேயே எடுத்துக்காட்டினார். நட்டநடுவில் சுண்டினால் இரட்டைப்படைச் சீரிசைகள் அனைத்தும் மறைந்துவிடும். பிரிட்ஜ் என்னும் குதிரைக்கு மிக அருகில் சுண்டினாலோ, அங்கே தாழ்ந்த சீரிசைகளின் கணு ஒன்றும் இல்லாததால், நீண்ட வரிசையாகச் சீரிசைகள் எழும்.

திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி. வி. இராமன் 1921-இல் நம் இசைக் கருவிகளைப் பற்றி எழுதிய ஆய்வுக் கட்டுரை இங்கே நினைக்கத்தக்கது. தம்பூராவிலும் வீணையிலும் கணுவில் சுண்டினாலும் அந்தச் சீரிசை மறையாமல் ஒலிப்பதை அவர் கண்டார். அதற்குக் காரணமாக அவர் காட்டியது மரத்தையன்று. குதிரையின் வளைந்த மேற்பரப்பையும், தம்பூராவில் அதன்மேல் செருகும் நூலையும். மரத்தின் குரலே கேட்கும் கருவிகளிற்கூட, கம்பியின் முனை எப்படித் தாங்கப்படுகிறது என்பது இவ்வளவு பெரிய வேற்றுமையைச் செய்கிறது. மரத்தின் குரல் கேளாத மின் கிதாரைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமா?

சுண்டும் இடத்துக்குச் சொன்ன அதே விதி, கேட்கும் இடத்துக்கும் பொருந்தும். சாதாரணக் கிதாரில் இந்தச் சிக்கல் இல்லை. அங்கே கம்பியின் அதிர்வு முழுவதும் குதிரை வழியே போகிறது. மின் கிதாரில் பிக்கப், கம்பியின் ஒரு சிறு துண்டை மட்டுமே கவனிக்கிறது. அத்துண்டு குதிரையிலிருந்து கம்பியின் நீளத்தில் 1/16 பங்கு தொலைவில் இருப்பதாகக் கொள்வோம். 648 மில்லிமீட்டர் நீளமுள்ள கம்பியில் அது ஏறக்குறைய 4 சென்டிமீட்டர். அவ்விடத்தில் அடிப்படை அதிர்வு தன் முழு வீச்சில் ஐந்தில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவாகவே தெரியும். 8-ஆவது சீரிசையோ அங்கே தன் முழு வீச்சோடு ஆடும். இனி அதே பிக்கப்பைக் கம்பியின் 1/4 பங்கில் வைத்துப் பாருங்கள். அடிப்படை அதிர்வு முழு வீச்சில் 70 விழுக்காட்டுக்கு உயர்ந்துவிடும். 4-ஆவது, 8-ஆவது சீரிசைகள் கணுவில் சிக்கி மறைந்துவிடும். கம்பியும் அதுவே, கையும் அதுவே. கேட்கும் இடம் மாறியது, குரலும் மாறியது.

1954-இல் வெளிவந்த ‘ஸ்ட்ராட்டோகாஸ்டர்’ கிதார் இந்தச் சோதனையைத் தன் உடலிலேயே சுமந்திருக்கிறது. அதில் ஏறக்குறைய ஒரே மாதிரியான 3 பிக்கப்புகள் மூன்று இடங்களில் உள்ளன. சிறு விசை ஒன்றைத் தள்ளினால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறலாம். கழுத்தருகே உள்ளது குழைந்து பேசும். குதிரையருகே உள்ளது வெடுக்கென்று பேசும். மரம் மாறவில்லை; கம்பி மாறவில்லை; வாசிப்பவரும் மாறவில்லை. ஒன்றை மட்டும் மாற்றி, மற்றவற்றை மாறாமல் வைத்து ஆராய வேண்டும் என்று நம் ஆசிரியர்கள் செய்முறை வகுப்பில் வலியுறுத்துகிறார்களே, அதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பதரிது.

சுருளும் சுற்றும்

அடுத்த காரணம் பிக்கப்பின் அமைப்பு. ஒற்றைச் சுருள் கொண்ட பிக்கப், கம்பியின் குறுகிய பகுதியையே பார்க்கிறது. ஆகவே குறுகிய அலைநீளமுள்ள உயர் சீரிசைகளும் அதற்குத் தெளிவாகத் தெரிகின்றன. ஆனால் அதற்கு ஒரு குறை உண்டு. சுற்றியுள்ள மின்கம்பிகளின் இரைச்சலையும் அது சேர்த்துப் பிடித்து, ரீங்காரமிடும். கிப்சன் நிறுவனத்தில் பணியாற்றிய செத் லவர், எதிர்எதிராக இயங்கும் இரு சுருள்களைப் பக்கம் பக்கமாக வைத்து அந்த இரைச்சலை ஒன்றையொன்று தின்றுவிடும்படி செய்தார். 1957 முதல் அந்நிறுவனத்தின் கிதார்களில் அது இடம்பெற்றது. இரைச்சல் அடங்கியது; கூடவே கணீரொலியும் சற்று அடங்கியது. இரு சுருள்களும் சேர்ந்து கம்பியின் அகன்ற பகுதியைப் பார்ப்பதால் நுண்ணிய அலைகள் ஒன்றோடொன்று கழிந்துபோகின்றன. சுருள் பெருகப் பெருக மின்தூண்டல் எண்ணும் பெருகுகிறது.

அந்த எண்ணுக்கும் ஒலிக்கும் என்ன தொடர்பு? சுருளின் மின்தூண்டலும், கிதாரிலிருந்து பெருக்கிக்குச் செல்லும் வடத்தின் மின்தேக்குத்திறனும் சேர்ந்து ஓர் ஒத்ததிர்வுச் சுற்றாகின்றன. அந்த ஒத்ததிர்வு எங்கே விழுகிறதோ அங்கே ஒலி மிடுக்கடையும். அதற்கு மேலே விரைந்து தேயும். சுருளுக்கு 2.5 ஹென்றி என்றும், வடத்துக்கு மீட்டருக்கு 100 பிகோஃபாரட் என்றும் வைத்துக்கொண்டு, சிறு திருத்தங்களை விட்டுவிட்டுக் கணக்கிடுவோம். 5 மீட்டர் வடத்துக்கு ஒத்ததிர்வு ஏறக்குறைய 4500 ஹெர்ட்ஸில் விழும். 10 மீட்டர் வடமானால் 3200 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். மனிதச் செவி மிகக் கூர்மையாக இருப்பதும் 3000 முதல் 4000 ஹெர்ட்ஸை ஒட்டிய இப்பகுதியில்தான். ஒலி ‘கணீர்’ என்று நம்மைத் தொடுவதன் மர்மம் இதுவே. நீண்ட வடம் ஒன்றே ஒலியைக் கீழே இறக்கிவிடும்போது, வடத்தைப் பற்றிப் பேசாமல் மரத்தைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவது வேடிக்கையல்லவா?

கிதாரில் உள்ள ‘டோன்’ குமிழைத் திருப்பிப் பாருங்கள். மிகச் சிறிய மின்தேக்கி ஒன்று உயர் அதிர்வெண்களைத் தரைக்கு வழியனுப்பிவிடுகிறது. எத்தனை உயர்ந்த மரமானாலும் ட்வாங் அந்தக் கணமே காணாமற்போகும். கம்பியும் அவ்வாறே. புதிய எஃகுக் கம்பி தெறித்துப் பேசும். வியர்வையும் அழுக்கும் சுற்றுகளினிடையே படிந்த பழைய கம்பியில் உயர் சீரிசைகள் விரைவில் மாண்டுவிடும். விரற்சதையால் மீட்டினால் ஒலி மென்மையாகும். கூரிய, கெட்டியான பிளெக்ட்ரத்தால் சுண்டினால் ஒலி கூர்மையாகும். இவையெல்லாம் குறைந்த செலவில் கைக்கெட்டும் மாற்றங்கள்.

சரித்திரத்தின் சாட்சியம்

இயற்பியல் சொல்வதைச் சரித்திரமும் வழிமொழிகிறது. கணீரொலிக்குப் புகழ்பெற்ற ‘டெலிகாஸ்டர்’ கிதாரை உருவாக்கிய லியோ ஃபெண்டர், கலிபோர்னியாவின் ஃபுல்லர்ட்டன் நகரில் வானொலிப் பெட்டிகளைப் பழுதுபார்த்தவர். கல்லூரியில் படித்தது கணக்கியல். கிதார் வாசிக்கவும் அவருக்குத் தெரியாது! பரம்பரை மரவேலைக்காரரும் அல்லர். ஆனால் மின்சுற்றை அறிந்தவர். தம் ஊர்ப் பக்கத்து இசைக்கலைஞர்களிடம் கருவிகளைக் கொடுத்து, அவர்கள் சொன்ன குறைகளைப் பொறுமையாகக் கேட்டவர். அவர் 1949-இல் செய்த மாதிரிக் கிதாரின் உடல் எளிய பைன் மரம். 1950-இல் விற்பனைக்கு வந்து, 1951-இல் டெலிகாஸ்டர் என்னும் பெயர் பெற்ற கருவியில் ஒற்றைச் சுருள் பிக்கப்பைக் குதிரையை ஒட்டி, எஃகுத் தகட்டின் மேலே சாய்வாகப் பொருத்தினார். மெல்லிய கம்பிகளின் பக்கம் குதிரைக்கு இன்னும் நெருக்கம். தடித்த கம்பிகளின் பக்கம் சற்றே விலகல். இந்தச் சாய்வு ஒன்றே, இடத்தின் அருமையை அவர் காது அறிந்திருந்ததைக் காட்டும்.

மற்றொரு சாட்சி டுவேன் எடி. 1958-இல் ‘ரெபல் ரவுசர்’ என்னும் பாட்டின் மூலம் ‘ட்வாங்’ என்னும் சொல்லையே உலகறியச் செய்தவர். அவர் கையில் இருந்தது கெட்டிப் பலகைக் கிதார் அன்று. உள்ளே குழிவான கிரெட்ஷ் கிதார். தடித்த கம்பிகளில் மெட்டை வாசித்து, 2000 காலன் கொள்ளளவுள்ள தண்ணீர்த் தொட்டியை எதிரொலிக் கூடமாகப் பயன்படுத்தி அந்த ஒலியைப் பதிவு செய்தனர். 1962-இல் ஜேம்ஸ் பாண்ட் இசையை வாசித்த விக் ஃபிளிக்கின் கிதாரும் குழிவான உடல் கொண்டதே. பிக்கப்பைக் குதிரைக்கு அருகே வைத்ததையும், அது கம்பியை நெருங்கி நிற்பதற்காக அடியில் நசுக்கிய சிகரெட் பெட்டி ஒன்றைச் செருகியதையும் அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். உலகம் முழுவதும் அறிந்த ஓர் ஒலியின் பிறப்பில் சிகரெட் பெட்டிக்கும் பங்கு உண்டு!

டேன்எலெக்ட்ரோ என்ற மலிவு விலைக் கிதார்களை நினைத்துப் பாருங்கள். 1950-களில் வந்த அவற்றின் முகமும் முதுகும் மரநாரை அழுத்திச் செய்த சாதாரணப் பலகை. பிக்கப்புகள் உதட்டுச்சாயக் குழாய்களுக்குள் அடைக்கப்பட்டவை. மளிகைச் சாமான் போலக் கடைகளில் விற்ற அந்தக் கருவியின் பளிச்சென்ற ஒலியை இன்றும் கலைஞர்கள் விரும்பித் தேடுகின்றனர். பைன், ஆஷ், குழிவான உடல், நார்ப்பலகை என்று உடல்கள் இத்தனை வேறுபட்டும் கணீரொலி எல்லாவற்றிலும் பிறந்திருக்கிறதென்றால், அதன் தாய்வீடு உடலன்று என்பது வெளிப்படை.

மறுப்பாரும் உளர்

‘நாற்பதாண்டு வாசித்த மேதைகள் மரத்தை மெச்சுகிறார்களே, அவர்கள் காது பொய்யா?’ என்று கேட்கலாம். காது பொய்யன்று. ஆனால் இரு கிதார்களை அவர்கள் ஒப்பிடும்போது மரம் மட்டுமா மாறுகிறது? சுருள், காந்தம், கம்பியின் வயது, பிக்கப்பின் உயரம், கம்பியின் நீளம் என எல்லாமே மாறுகின்றன. ஃபெண்டர் கிதாரின் கம்பி நீளம் 25.5 அங்குலம், கிப்சனுடையது பெயரளவில் 24.75 அங்குலம். அதே கம்பியை அதே சுருதியில் கட்டினால் முன்னதில் இழுவிசை ஏறக்குறைய 6 விழுக்காடு மிகுதி. இவ்வளவும் கூடிச் செய்த வேலையின் கூலியை, கண்ணுக்கு அழகாகத் தெரியும் மரம் ஒன்றே வாங்கிக்கொண்டு போய்விடுகிறது.

மரம் ஒன்றுமே செய்வதில்லை என்று நான் வாதிடவில்லை. கழுத்து வளைந்து கொடுத்தால் சில சுரங்களில் கம்பியின் ஆற்றலை அது உறிஞ்சிக்கொள்ளும். அந்தச் சுரங்கள் நீடிக்காமல் சட்டென்று அடங்கும். உறுதியான கழுத்து கருவிக்கு இன்றியமையாதது. எடை, அழகு, கைக்கு இசைவு ஆகியவையும் மரத்தால் வருபவையே. இசைந்த கருவி கையில் இருந்தால் வாசிப்பில் ஊக்கம் பிறக்கும். அதுவும் சிறிய பயன் அன்று. ஆனால் இவை வேறு, கணீரொலி வேறு. ஒன்றன் பெருமையை மற்றொன்றின் கணக்கில் எழுதலாகாது.

இதனால் நமக்கென்ன?

நமக்குத்தான் பயன் மிகுதி. மெல்லிசைக் குழுவில் சேர ஆசைப்படும் மாணவன் எத்தனையோ பேர், ‘உயர்ந்த மரம் இல்லாவிட்டால் நல்ல ஒலி வராது’ என்ற பேச்சைக் கேட்டே மனம் தளர்ந்துவிடுகின்றனர். கடன் வாங்கிக் கருவி வாங்கியவர்களும் உண்டு. அவர்களுக்கு நான் சொல்வது இதுதான். உங்களிடம் உள்ள எளிய கிதாருக்குப் புதிய கம்பி கட்டுங்கள். வடத்தை நீளம் குறைத்துக்கொள்ளுங்கள். பிக்கப்பின் உயரத்தைத் திருகாணியால் சிறிது சிறிதாக மாற்றிப் பாருங்கள். குதிரைக்கு ஒரு விரற்கடை நெருங்கிச் சுண்டுங்கள். பிறகு கழுத்தருகே சுண்டி ஒப்பிடுங்கள். ஒவ்வொரு முறையும் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இதில் கிடைக்கும் அறிவு எந்தக் கடையிலும் விற்பனைக்கு இல்லை.

இசைத் துறைக்கு அப்பாலும் இதில் ஒரு பாடம் இருக்கிறது. கண்ணுக்குத் தெரிவதற்கும் விலை சொல்லக்கூடியதற்கும் புகழைக் கொடுத்துவிட்டு, மறைவில் உழைப்பதை மறந்துபோவது மனித இயல்பு. சுருளைச் சுற்றியவரையும் பிக்கப்பின் இடத்தை அளந்து வைத்தவரையும் யாரும் மேடையேற்றிப் பாராட்டுவதில்லை. அவர்களைத் தேடிக் கண்டுபிடித்து உரிய பங்கை அவர்களுக்கு வழங்குவதுதான் அறிவியல் கற்றவர் கடமை. பாரடேயின் விதியையும் யங்கின் விதியையும் தேர்வுக்காக மட்டும் மனப்பாடம் செய்யும் நாம், நம் காதுக்கு இனிய ஓர் ஒலியில் அவை குடியிருப்பதைக் கண்டுகொண்டால், பாடப்புத்தகமும் கொஞ்சம் கணீரென்று ஒலிக்கும்.